கால் மைலுக்குப் பிறந்த வண்டி

வணக்கம் சார்,

கார்களைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிப்பவன். மிச்சிகனில் ட்ராய் நகரில் இருக்கிறேன். மென்பொருள் வேலை, ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லை. ரொம்ப நாள் ஆசைப்பட்டு போன வருடம் ஒரு 1966 போன்டியாக் ஜி.டி.ஓ. வாங்கினேன். 389 கன அங்குல இன்ஜின், நாலு கியர் மேனுவல், பின் ஆக்சில் 3.90 (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ப்ரொபெல்லர் ஷாஃப்ட் 3.90 சுற்று). ஊருக்குள் ஓட்டும்போது ராஜா மாதிரி இருக்கிறது.

போன மாதம் மனைவியோடு ஐ-94 வழியாக சிகாகோ கிளம்பினேன். மணிக்கு 70 மைலில் இன்ஜின் நிமிடத்துக்கு 3,500 சுற்றில் கத்துகிறது. பக்கத்து சீட்டோடு பேச முடியவில்லை. ஊருக்குள் ஏறாத சூடு அங்கே ஏறுகிறது. லாரி தாண்டிப்போனால் வண்டி அலைபாய்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்துத் தோள்வலி. கலமசூ வரை போய்த் திரும்பிவிட்டோம். "இனிமேல் சிகாகோவுக்கு நான் ரயிலில் வருகிறேன், நீங்கள் இதில் வாருங்கள்" என்று சொல்லிவிட்டாள்.

நண்பர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். பழைய இன்ஜினைத் தூக்கிவிட்டு ஜெனரல் மோட்டார்ஸின் புதுக்கால வி8 ஆன எல்.எஸ். இன்ஜினும் ஆறு கியர் பாக்ஸும் போடு என்பது ஒரு கட்சி. ஒரு போல்ட்டைக்கூடத் தொடாதே, மதிப்பு போய்விடும் என்பது இன்னொன்று. முந்தைய ஓனர் "ரேஸ் டிஸ்ட்ரிபியூட்டர்" போட்டிருப்பதாகப் பெருமையாகச் சொன்னார். அதையும் குறிப்பிட்டு வைக்கிறேன். நான் என்ன செய்யலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நான் இரண்டு கட்சியிலும் இல்லை. எல்.எஸ். நல்ல இன்ஜின், சந்தேகமில்லை. ஆனால் அதைப் போட்டபிறகு உங்களிடம் இருப்பது ஜி.டி.ஓ. சட்டை போட்ட வேறொரு கார். அதற்கு இவ்வளவு ஆசைப்பட்டிருக்க வேண்டாம். போல்ட்டைத் தொடாதே என்பவர்கள் பெரும்பாலும் தங்கள் வண்டியை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோகிறவர்கள். ஓட்டுகிறவர் நீங்கள்.

உங்கள் வண்டியில் பழுது என்று பெரிதாக எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அது எதற்காகப் பிறந்ததோ அதைத்தான் செய்கிறது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸில் அப்போது ஒரு விதி இருந்தது. போன்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டெலோரியனும் அவருடைய ஆட்களும் 389-ஐ டெம்பெஸ்ட் லெமான்ஸுக்கு ஒரு 'ஆப்ஷன்' என்று எழுதி, விதிக்கு அடியில் நுழைத்து 1964-இல் விற்றுவிட்டார்கள். உங்கள் 1966-இல் அது தனி மாடலாகி 96,946 விற்றது. ஜி.டி.ஓ. அதிகம் விற்ற வருடம் அதுதான். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓடுகிற வுட்வர்ட் அவென்யூவில் இரவு நேரத்தில் சிக்னலுக்கு சிக்னல் பந்தயம் விட்ட பையன்கள் வாங்கினார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது கால் மைல், அதாவது 1,320 அடி. அதற்கு அப்பால் என்ன ஆகும் என்று 3.90 ஆக்சில் எழுதி வாங்கியவர் யோசிக்கவில்லை. உங்கள் நாலாவது கியர் ஒன்றுக்கு ஒன்று: இன்ஜின் சுற்றுகிற வேகத்திலேயே ஷாஃப்டும் சுற்றும், அதற்கு மேல் கியர் இல்லை. நம் ஊர் ஐந்து கியர் காரை நாலாவதிலேயே வைத்துக்கொண்டு பைபாஸில் போனால் எப்படி இருக்கும்? அதைத்தான் நீங்கள் கலமசூ வரை செய்திருக்கிறீர்கள்.

கியருக்கு வருகிறேன். அதற்கு முன்னால், நீங்கள் கேட்காத ஒன்று. பானெட்டைத் திறந்து, பெடலை மிதித்தால் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற பிரேக் மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள். யாரும் மாற்றாமல் இருந்தால் அதில் ஒரே ஒரு அறைதான் இருக்கும். 1967 மாடலில்தான் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறை வந்தது. உங்களுடையதில் எங்காவது ஒரு குழாய் ஓட்டையானால், ஒரு சக்கர சிலிண்டர் கசிந்தால், நாலு சக்கரத்துக்கும் சேர்த்து பிரேக் போய்விடும். பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் மிச்சிகன் உப்பைத் தின்ற அறுபது வருட இரும்புக் குழாய்கள் அவை. போதாததற்கு, நாலும் ஒன்பதரை அங்குல டிரம். 70 மைலிலிருந்து ஒரு முறை நிறுத்தும்; அடுத்த முறைக்கு சூடேறி வழுக்கும். இரட்டை மாஸ்டர் சிலிண்டர், புதுக் குழாய்கள், முன்னால் டிஸ்க். மற்ற எதற்கும் காசு ஒதுக்குவதற்கு முன் இதற்கு ஒதுக்குங்கள். கூடவே தோள்பட்டை பெல்ட்டும். உங்கள் வண்டி வந்தபோது சாதாரணமாக இடுப்பு பெல்ட்தான், ஹெட்ரெஸ்ட் தனியாகக் கேட்டு வாங்கினால்தான்.

அலைபாய்வது. இது நீங்கள் நினைப்பதைவிட மலிவாகத் தீரும். அந்தக் காலத்து அலைன்மென்ட் அளவு, இன்றைய ரேடியலுக்கு முந்தைய வகையான பயஸ் டயருக்காக எழுதப்பட்டது. கேஸ்டர் கோணம் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும், சிலவற்றில் பூஜ்யத்துக்கும் கீழே. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருக்குமே, அந்தச் சாய்வுதான் கேஸ்டர். ரேடியல் டயர் போட்டுவிட்டு பழைய புத்தகத்தில் உள்ள அளவையே வைத்தால் வண்டிக்கு நேராகப் போகிற புத்தி வராது. பவர் ஸ்டியரிங் இருந்தால் பாசிட்டிவ் மூன்று டிகிரி கேளுங்கள். மேல் கன்ட்ரோல் ஆர்முக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் இருக்கும் ஷிம் தகடுகளை இடம் மாற்றித்தான் இதை வைக்கவேண்டும். கம்ப்யூட்டரில் வண்டியின் வருடத்தைத் தட்டிப் பார்த்து "ஸ்பெக்கில் இருக்கிறது சார்" என்று அனுப்பிவிடுகிற கடைக்குப் போகாதீர்கள். ஷிம் கையாளத் தெரிந்த வயதான ஆள் ஒருவரைத் தேடுங்கள். ஸ்டியரிங் பாக்ஸில் ஆட்டம் இருக்கிறதா என்றும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.

டயர் பற்றி ஒரு சொந்தக் கதை. நான் டெட்ராய்ட் பக்கம் இருந்த காலத்தில் நண்பர் ஒருவரின் பழைய வண்டியில் இதே ஐ-94-இல் போனோம். டயரில் பட்டன் எல்லாம் புதுசுபோல் இருந்தது. ஜாக்சன் தாண்டியதும் மேல்பட்டை அப்படியே உரிந்து வந்து பின் ஃபெண்டரைக் கிழித்தது. பிறகு பக்கவாட்டில் பார்த்தால், பதினான்கு வருடத்து டயர். வருடத்துக்கு ஐந்நூறு மைல் ஓடுகிற வண்டியில் டயர் தேயாது, உள்ளே செத்துப்போகும்.

சூடு. குறிப்பிட்டு வைக்கிறேன் என்று நீங்கள் கடைசியில் எழுதிய அந்த "ரேஸ் டிஸ்ட்ரிபியூட்டர்" மேல்தான் என் முதல் சந்தேகம். ஊருக்குள் சூடேறினால் ஃபேனையும் அதைச் சுற்றியுள்ள கூண்டையும் பார்க்கவேண்டும். நெடுஞ்சாலையில் மட்டும் ஏறினால் அடைத்துக்கொண்ட ரேடியேட்டர், அல்லது அதிகச் சுற்றில் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ், அல்லது டைமிங். சிலிண்டருக்குப் பொறியை எப்போது கொடுப்பது என்பதுதான் டைமிங், அதை வைப்பது டிஸ்ட்ரிபியூட்டர். ரேஸ் டிஸ்ட்ரிபியூட்டர்கள் பலவற்றில் வாக்குவம் அட்வான்ஸ், அதாவது இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தால் பொறியை முன்னதாக்கும் அமைப்பு, இருக்காது, ஏனென்றால் டிராக்கில் கால் எப்போதும் தரையோடு இருக்கும். ஆனால் நெடுஞ்சாலையில் காலை லேசாக வைத்து ஓட்டும்போது சிலிண்டருக்குள் போகும் கலவை கொஞ்சம். அது நிதானமாக எரியும். ஆகவே பொறியை இன்னும் முன்னதாகக் கொடுத்தாக வேண்டும். சுற்று ஏற ஏறப் பொறியை முன்னதாக்கும் இயந்திர அட்வான்ஸ் 34, 36 டிகிரியோடு நின்றுவிடும். வாக்குவம் அதற்கு மேல் 10 முதல் 15 டிகிரி சேர்க்கும். அது இல்லாவிட்டால் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் நெருப்பு எரிந்துகொண்டே இருக்கும். அந்தச் சூடு முழுக்க ஹெட்டுக்கும் தண்ணீருக்கும் போகிறது, பெட்ரோலும் அதோடு போகிறது. வாக்குவம் உள்ள சாதாரண டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பலர் இதைக் கவனிக்காமல் மூன்று ரேடியேட்டர் வாங்கிவிடுகிறார்கள்.

இப்போது கியர். ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன்-பினியன் பற்சக்கரங்களை மட்டும் 3.08-க்கு மாற்றினால் 70 மைலில் சுமார் 2,790 சுற்று. செலவு குறைவு. ஆனால் சிக்னலில் கிளம்பும்போது அந்த உதை போய்விடும், அதற்காகத்தானே வாங்கினீர்கள்? என் யோசனை ட்ரெமெக் டி.கே.எக்ஸ். ஐந்து கியர் பாக்ஸ், ஐந்தாவது 0.68 உள்ளது; அதாவது ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் 0.68 சுற்று சுற்றினால் போதும். உங்கள் 3.90-ஐ அப்படியே வைத்தால் 70 மைலில் 2,400 சுற்று. இதில் ஒரு கணக்கு பலர் போடுவதில்லை. இப்போது உங்களிடம் இருப்பது வைட் ரேஷியோ பாக்ஸ் என்றால் அதன் முதல் கியர் 2.52; ஆக்சிலோடு பெருக்கினால் 9.8. டி.கே.எக்ஸின் முதல் கியர் 2.87, 3.90-ஓடு பெருக்கினால் 11.2. முதல் கியர் போட்ட கையோடு இரண்டாவதுக்குத் தாவவேண்டி வரும். ஆக்சிலை 3.55 ஆக்கினால் 10.2: பழைய உதையைவிட ஒரு சிட்டிகை கூடுதல், 70 மைலில் 2,180 சுற்று. இரண்டையும் ஒன்றாகச் செய்யவேண்டாம். பாக்ஸைப் போட்டு ஒரு கோடை ஓட்டிவிட்டு முடிவெடுங்கள்.

பொருத்துகிறவரிடம் ஒன்று கேளுங்கள்: இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங் மையத்தில் இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்த்தாரா? முள்ளின் மொத்த ஆட்டம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்குள் இருக்கவேண்டும். "அதெல்லாம் தேவையில்லை, பழைய பாக்ஸ் சரியாகத்தானே உட்கார்ந்தது" என்று சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ப்ரொபெல்லர் ஷாஃப்டின் நீளத்தையும் கோணத்தையும், ஸ்பீடாமீட்டர் கியரையும் அவர் பார்க்கவேண்டும்.

சுற்று குறைந்ததும் இன்னொரு தொல்லை வரலாம். 2,000-ஐ ஒட்டி சைலன்ஸர் கும்மென்று ஒரே சுருதியில் காதுக்குள் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு குழாய்களுக்கும் நடுவே ஒரு குறுக்குக் குழாயும் பின்னால் ரெசனேட்டர் என்கிற சிறு சத்தமடக்கியும் போட்டால் அடங்கும். தரை விரிப்புக்கு அடியில் சத்தம் உறிஞ்சும் ஷீட் ஒட்டுங்கள். மனைவியோடு பேச அது உதவும், வெளியில் யாருக்கும் தெரியவும் தெரியாது. ஈயமில்லாத பெட்ரோலில் வால்வு சீட் (வால்வு மூடும்போது உட்காரும் இடம்) தேய்வதைப் பற்றிப் பயமுறுத்துவார்கள். அதற்காக இப்போது ஹெட்டைக் கழற்றாதீர்கள். வேறு காரணத்துக்குக் கழற்றும்போது கெட்டியான சீட் போட்டுக்கொள்ளலாம். சுற்று குறைவதே அதற்குப் பாதி மருந்து.

மதிப்பு போய்விடும் என்பவர்களுக்கு: மேலே சொன்னதில் வெட்டுவதோ வெல்டு வைப்பதோ ஏறக்குறைய ஒன்றுமில்லை. கழற்றுகிற பழைய பாக்ஸ், மாஸ்டர் சிலிண்டர், டிரம் எல்லாவற்றையும் எண்ணெய் தடவி, சீட்டு எழுதிக் கட்டி, கராஜ் அலமாரியில் வையுங்கள். பழைய போன்டியாக் ஆவணங்களை வைத்திருக்கும் பி.எச்.எஸ். (போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ்) நிறுவனத்துக்கு எழுதினால் உங்கள் வண்டியின் தொழிற்சாலைப் பட்டியல் நகல் கிடைக்கும். வண்டி எந்த ஆக்சிலோடு வந்தது என்று அதில் பாருங்கள். 3.90 பின்னால் யாரோ மாட்டியதாகவும் இருக்கலாம். அப்படியானால் அதைக் கழற்றுவதில் உங்களுக்கு வருத்தம் இருக்காது.

இன்று மாலையே ஒரு வேலை செய்யுங்கள். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்களைக் குறித்து எனக்கு எழுதுங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறையா இரண்டா என்பதையும். பிரேக் வேலை முடியும்வரை உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. சிகாகோ போகிற அம்ட்ராக் வால்வரின் ரயில் ட்ராயிலேயே நிற்கிறது. அது கிளம்புகிற ஊர் போன்டியாக்.