சிவப்பு ஆயில் எங்கிருந்து சொட்டுகிறது? பழைய ஆட்டோமேட்டிக் கார்கள் குறித்த கேள்வி பதில்

திருநெல்வேலிச் சீமையில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள பழைய கார்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவையே. இருந்தாலும் அவற்றை வைத்திருப்போர் எல்லோருக்கும் கவலை ஒன்றுதான்: ஷெட்டுத் தரையில் கியர்பாக்ஸ் ஆயிலின் சிவப்புக் கறை. இந்தக் கியர்பாக்ஸ்களைப் பல ஆண்டுகளாகப் பிரித்துக் கோத்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. இரு பக்கமும் ஸ்டாண்ட் கொடுத்த பிறகே நுழைய வேண்டும்.

கல்லிடைக்குறிச்சி வாசகர்: அண்ணாச்சி, தாத்தா வைத்திருந்த 1964 இம்பாலா, பவர்கிளைடு கியர்பாக்ஸ். ஓடும்போது ஒரு சொட்டும் விழுவதில்லை. இரண்டு மாதம் நின்றால் ஒரு தாம்பாளம் நிறையும் அளவுக்கு ஒழுகுகிறது. ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களான சீல்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். ஆனித் தேரோட்டத்துக்கும் வீட்டுக் கல்யாணங்களுக்கும் மட்டுமே வண்டியை எடுக்கிறோம்.

உங்கள் கேள்வியின் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது, தம்பி. என்ஜின் ஓடும்போது ஆயிலின் பெரும்பங்கு, என்ஜினின் சுழற்சியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும் குழாய்களுக்குள்ளும் சுற்றிக்கொண்டிருக்கும்; வண்டி வாரக்கணக்கில் நிற்கும்போது கன்வெர்ட்டரில் உள்ள ஆயில் மெல்ல மெல்லக் கீழே உள்ள பேன் என்ற ஆயில் தட்டுக்கு இறங்கி, பேன் விளிம்பையும் தாண்டி உயரும். ஓடும்போது ஆயில் மட்டத்துக்கு மேலே இருந்த கியர் லீவர் ஷாஃப்டின் சிறு சீலும், ஆயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக் குழாயின் அடியில் உள்ள ஓ-ரிங்கும் இப்போது ஆயிலில் மூழ்கிக் கிடக்கும். அறுபது வருட வெயிலில் கல்லாக இறுகிப்போன அந்த ரப்பர் எப்படித் தாங்கும்? ஆகவே முதலில் அந்த இரண்டையும் மாற்றுங்கள். விலை மிகக் குறைவு, கியர்பாக்ஸை இறக்கவும் வேண்டாம். வாரம் ஒருமுறை ஷெட்டிலேயே ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் உறுமவிட்டு நிறுத்துவதால் பெரிய பயன் இல்லை. மாதம் இருமுறை சேரன்மகாதேவி வரையாவது ஓட்டி, ஆயில் நன்றாகச் சூடேறிய பின் வீடு திரும்புங்கள்.

வள்ளியூர் வாசகர்: அடிப்பாகம் முழுவதும் நனைந்திருக்கிறது. எந்த சீல் என்று கண்டுபிடிப்பது எப்படி?

முப்பந்தல் காற்றில் வண்டியை ஓட்டிவிட்டுக் கீழே பார்த்தால் எல்லாச் சீலும் குற்றவாளியாகத்தான் தெரியும். காற்று ஆயிலைப் பின்னோக்கி அடித்துச் செல்லும் என்பதால், நனைந்த இடங்களில் எது மிக மேலேயும் மிக முன்னேயும் இருக்கிறதோ அதுவே ஊற்று. முதலில் டீசல் தொட்ட பிரஷ்ஷால் முழுவதையும் கழுவித் துடைத்து, உலர்ந்த பின் முகப்பவுடரைத் தூவி, சிறிது தூரம் ஓட்டி வந்து பாருங்கள். பவுடரில் சிவப்புக் கோடு தானே வழி காட்டும். கன்வெர்ட்டர் மூடிக்குக் கீழே கறுப்பாகச் சொட்டினால் அது என்ஜினின் பின்பக்க சீல். சிவப்பாகச் சொட்டினால் கியர்பாக்ஸின் முன் பம்பு சீல். இன்னொன்றையும் மறக்க வேண்டாம். பல பழைய கார்களில் பவர் ஸ்டியரிங்குக்கும் இதே சிவப்பு ஆயில்தான். அதன் குழாயில் தொடங்கும் கசிவு வழிந்து வந்து கியர்பாக்ஸின் மேல் பழி போட்டுவிடும்.

பாளையங்கோட்டை வாசகர்: என் அம்பாசடரின் கியர்பாக்ஸில் ஆயில் கசிகிறது.

அது கையால் போடும் கியர். என் துறை அன்று. உங்கள் தெரு முனை மெக்கானிக் என்னைவிட நன்றாகச் செய்வார்.

தென்காசி வாசகர்: தரையில் சொட்டு இல்லை, ஆனால் ஆயில் குறைகிறது. சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறது.

கியர்பாக்ஸின் பக்கவாட்டில் வேக்குவம் மாடுலேட்டர் என்று ஒரு சிறு டப்பா இருக்கும். அதை என்ஜினின் உறிஞ்சும் பக்கத்தோடு ஒரு குழாய் இணைக்கும். அதனுள் உள்ள மெல்லிய ரப்பர் திரை கிழிந்தால், என்ஜினே ஆயிலை உறிஞ்சி எரித்துவிடும். அதன் வேக்குவம் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஈரமாகச் சிவப்புத் தெரிந்தால் மாடுலேட்டரை மாற்றுங்கள்.

சங்கரன்கோவில் வாசகர்: எவ்வளவு ஆயில் ஊற்ற வேண்டும்?

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஆயில் சூடாக, என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, கையேடு சொல்லும்படி பார்க்கிலோ நியூட்ரலிலோ வைத்து டிப் ஸ்டிக்கைப் பார்த்து ஊற்ற வேண்டும். என்ஜினை அணைத்துவிட்டுப் பார்க்கும் அளவு பொய்.

தூத்துக்குடி வாசகர்: அந்தக் காலத்து ஆயிலில் திமிங்கில எண்ணெய் கலந்திருந்தார்களாமே?

உண்மைதான், எனக்கும் பிடித்த செய்தி இது. 1949இல் வந்த டைப் ஏ என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் முதலே, கிளட்ச் தகடுகள் உதறாமல் வழுக்கிப் பிடிப்பதற்காக எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெய் சேர்க்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடை செய்ததால் மாற்றுப் பொருள் தேட வேண்டியதாயிற்று. 1973இல் டெக்ஸ்ரான் இரண்டு என்ற ஆயில் வந்தது. அதன் முதல் வடிவம் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலரின் பற்றவைப்பை அரித்ததால், அதையும் திருத்த நேர்ந்தது.

அம்பாசமுத்திரம் வாசகர்: அப்படியானால் பழைய சீலுக்குப் பழைய ஆயில்தான் சரி. டெக்ஸ்ரான் மூன்று ஊற்றிய மாதமே என் மெர்சிடிஸ் 300டி ஒழுகத் தொடங்கியது.

இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. டெக்ஸ்ரான் மூன்று, முந்தைய டெக்ஸ்ரான்களுக்குப் பதிலாக ஊற்றத் தக்கதாகவே வடிவமைக்கப்பட்டது. உங்கள் சீல் முன்பே இறுகிச் சுருங்கியிருக்கும். அதன் இடைவெளியை ஆண்டுக்கணக்கில் படிந்த பிசின் அடைத்திருக்கும். புதிய ஆயில் அந்தப் பிசினைக் கரைத்துவிட்டது. அடைப்பு போனதற்கு ஆயிலைக் குறை சொல்வது, வீட்டைப் பெருக்கியதால்தான் சுவர் விரிசல் தெரிந்தது என்று துடைப்பத்தைக் குறை சொல்வது போன்றது.

அதே வாசகர்: அந்தப் பிசினே இருந்திருந்தால் ஒழுகாமல் ஓடியிருக்கும் அல்லவா, அண்ணாச்சி?

சில மாதம் ஓடியிருக்கும். அதில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அதே பிசின் வால்வுகளையும் பிடித்து நிறுத்தும். சீலின் விலையா, கியர்பாக்ஸின் விலையா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

திருச்செந்தூர் வாசகர்: 2016இல் மணப்பாடு கரையில் ஒதுங்கியவையும் அந்தத் திமிங்கிலங்கள்தானா?

அல்ல, அவை பைலட் திமிங்கிலங்கள். கியர்பாக்ஸுக்குத் திரும்புவோம்.

நாங்குநேரி வாசகி: கியர்பாக்ஸின் பின்பக்க சீலை ஒரே வருடத்தில் மூன்று முறை மாற்றிவிட்டேன். மறுபடியும் ஒழுகுகிறது.

அம்மா, சீல் நோயன்று, அறிகுறி. கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டு செல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் முன்முனையைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். தெளிவாக ஆடினால் உள்ளே ஷாஃப்டைத் தாங்கும் உலோக வளையமான புஷ் தேய்ந்திருக்கிறது. ஆடும் ஷாஃப்டை எந்தச் சீலாலும் அணைத்துப் பிடிக்க முடியாது. சீல் உரசும் இடத்தில் நகத்தில் தட்டுப்படும் பள்ளம் இருந்தால், அதன் மேல் மெல்லிய உறை ஏற்ற வேண்டும். நல்ல லேத்துக்காரர் செய்து தருவார்.

களக்காடு வாசகர்: எத்தனை லிட்டர் ஊற்ற வேண்டும்?

சங்கரன்கோவிலுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கடையநல்லூர் வாசகர்: பேனுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே வைக்கும் கார்க் கேஸ்கெட்டுக்குப் பதிலாக சிலிக்கான் பேஸ்ட் மட்டும் தடவினால் போதாதா? ஒழுக்கு நிற்க பிரேக் ஆயில் கொஞ்சம் ஊற்றச் சொல்கிறார்களே?

பேஸ்ட்டை நானும் ஒருமுறை தாராளமாகத் தடவினேன். உள்ளே பிதுங்கிய துண்டு பிய்ந்துபோய் ஃபில்டரை அடைத்து, கிளட்ச் கருகியது, செலவு என்னுடையது. பேன் ஒழுகுவதற்குப் பெரும்பாலும் காரணம் போல்ட்டை அதிகமாக இறுக்கியதுதான். போல்ட் துளையைச் சுற்றித் தகடு மேடாகிவிடும். அதைத் தட்டிச் சமமாக்கி, கேஸ்கெட்டை உலர்வாகவே வைத்து, எதிரெதிர் போல்ட்டாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள்.

பிரேக் ஆயிலைக் கனவிலும் ஊற்றாதீர்கள். அது ரப்பரை ஊதவைத்து ஒழுக்கைச் சில நாள் நிறுத்தும். பிறகு உள்ளே உள்ள சீல்களையும் சேர்த்துக் குழைத்துவிடும்.

வீரவநல்லூர் வாசகர்: டிப் ஸ்டிக்கில் ரோஸ் மில்க் போல இருக்கிறது.

ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகி, தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்யாதீர்கள், இழுத்துத்தான் வர வேண்டும். தண்ணீர் கிளட்ச் தகட்டின் பசையை உரித்துவிடும்.

செங்கோட்டை வாசகர்: சமவெளியில் ஒழுகுவதில்லை, ஆரியங்காவு மலைப்பாதையில் ஏறினால் மட்டும் மேலிருந்து வழிகிறது. ஒழுகுகிறதே என்று போன வாரம்தான் கூடுதலாக ஒரு லிட்டர் ஊற்றினேன்.

அந்தக் கூடுதல் லிட்டர்தான் வழிகிறது. மட்டம் உயர்ந்தால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். ஏற்றத்தில் சூடும் சேர, நுரை காற்றுத்துளை வழியே வெளியே தள்ளும். அளவுக்கு வரும் வரை வடித்துவிடுங்கள். எவ்வளவு வடிக்க வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள். டிப் ஸ்டிக் உங்கள் வண்டியில்தான் இருக்கிறது.