ஏழு மாதக் குழந்தையோடு பாண்டிச்சேரியில் முதல் கிறிஸ்துமஸ், போகலாமா?

கேட்கப்பட்டது: "குழந்தைக்கு ஏழு மாதம். முதல் கிறிஸ்துமஸுக்குச் சென்னையிலிருந்து பாண்டிச்சேரி கூட்டிப் போகலாமா, இந்த வருஷம் பேசாமல் வீட்டிலேயே இருந்துவிடலாமா? நடுராத்திரிப் பூசைக்குக் கைக்குழந்தையைக் கொண்டு போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?"

நான் இருக்கிறேன். கொண்டு போனேன், அரை மணி நேரத்தில் வெளியே ஓடி வந்தேன்.

போன வருஷம் எங்கள் பையனுக்கும் ஏழு மாதம்தான். என் அம்மா வீடு பாண்டிச்சேரி நெல்லித்தோப்பு, மாமியார் வீடு கடலூர் ஓ.டி. (பழைய டவுன்). இரண்டுக்கும் நடுவே இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர், அதனால் "24 எங்களுக்கு, 25 மத்தியானத்துக்கு மேல் உங்களுக்கு" என்று இரண்டு பாட்டிகளும் நவம்பரிலேயே பேரனைப் பங்கு போட்டுவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை, அவனையும் கேட்கவில்லை.

போங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் குழந்தைக்காகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். ஏழு மாதத்தில் கிறிஸ்துமஸும் அவனுக்கு ஒன்றுதான், சாதாரண செவ்வாய்க்கிழமையும் ஒன்றுதான். இது தாத்தா பாட்டிகளின் திருவிழா. அதை மனசுக்குள் ஒத்துக்கொண்டால் எதை விட்டுக்கொடுக்கலாம், எதற்கு மல்லுக்கு நிற்கலாம் என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

பயணத்தைப் பொறுத்தவரை, 24ஆம் தேதி கிளம்பாதீர்கள். 23லிருந்தே இ.சி.ஆர். முழுக்க பாண்டிக்கு லீவு கொண்டாட வருகிறவர்களின் வண்டிதான். நாங்கள் 22 விடிகாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம், அவன் மரக்காணம் வரை தூங்கினான். காரில் பின்பக்கம் பார்த்த மாதிரி மாட்டும் குழந்தை சீட்டுதான் வைத்தோம். "மடியில வெச்சிக்கிட்டா என்ன, நாங்கல்லாம் அப்படித்தானே கொண்டு போனோம்" என்று அத்தை போனிலேயே கேட்டார். அறுபதில் போகிற வண்டி சடாரென்று பிரேக் அடித்தால் எந்தத் தாயின் கையும் குழந்தையைப் பிடித்து வைக்காது, இது பாசத்தின் கணக்கில் வராது. ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி அவனை வெளியே எடுத்து நிமிர்த்தி வைத்துக்கொண்டு நின்றோம், மூன்றரை மணி நேரப் பயணம் ஐந்தாயிற்று. பரவாயில்லை. கார் இல்லையென்றால் எழும்பூரிலிருந்து விழுப்புரம் வழியாக ரயில் இருக்கிறது. 5 வயசுக்குக் கீழே டிக்கெட் கிடையாது, அதே போலத் தனி இருக்கையும் கிடையாது. அழுதால் தூக்கிக்கொண்டு நடக்க இடம் உண்டு என்பதற்காகவே பஸ்ஸைவிட ரயில் மேல். டயபர் மாற்ற மட்டும் கழிவறைப் பக்கம் போகாதீர்கள், சீட்டின் மேலேயே ஒரு ரப்பர் ஷீட் விரித்து வேலையை முடியுங்கள்.

எடுத்துப் போனதிலேயே உருப்படியான பொருள் என்னுடைய பழைய நூல் புடவை. தூளிக்கு. புது ஊர், புது வாசனை, ஆனால் துணி மட்டும் வீட்டுத் துணி, அதிலேயே பாதி அழுகை அடங்கியது. அம்மா வீடு பழைய வீடு, உத்தரம் இருக்கிறது, கட்டியாயிற்று. ஓ.டி. வீட்டில் சமீபத்தில் ஃபால்ஸ் சீலிங் போட்டு கொக்கியையெல்லாம் எடுத்துவிட்டார்கள், அந்த ராத்திரி முழுக்க நானும் அவரும் முறை போட்டுத் தோளிலேயே வைத்திருந்தோம். ஆகவே போகிற வீட்டில் கொக்கி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள், சிரித்தாலும் கேளுங்கள். (கவிழ்ந்து புரளத் தெரிந்த குழந்தை தூளியில் இருக்கும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், கண் அசந்ததும் எடுத்துத் தரையில் பாயில் போடுவதுதான் நல்லது.)

இனி பூசை. எங்கள் பக்கம் ராத்திரி பதினொன்றரைக்கு ஆரம்பம். அம்மா பத்தே முக்காலுக்கே போய் முன்னாலிருந்து இரண்டாவது வரிசையில் இடம் பிடித்திருந்தார், பேரனை ஊருக்கே காட்ட வேண்டுமே. அதுதான் பெரிய தப்பு. அவன் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு மணிக்கு 'உன்னதங்களிலே' பாட்டு ஆரம்பித்ததும் கோவில் மணி, பாடகர் குழுவின் கீபோர்டு, கம்பியில் ஓடி வந்து குடிலுக்கு மேலே நிற்கும் நட்சத்திரம், திரை விலகல், வெளியே சரவெடி, எல்லாம் ஒரே நேரத்தில். சின்ன வயசில் இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் முழித்துக் கிடப்பேன். அவன் தூக்கிவாரிப் போட்டு எழுந்து போட்ட கத்தலில் பாட்டே கேட்கவில்லை. இரண்டாவது வரிசையிலிருந்து வாசல் வரை அத்தனை பேரையும் தாண்டி வெளியே வந்தால், அங்கே மரத்தடியில் ஏற்கெனவே ஐந்தாறு அம்மாக்கள் இதே கோலத்தில் குலுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர்கூட முன்னாலேயே சொல்லவில்லை பாருங்கள்!

அவன் மறுபடி தூங்கும்போது மணி இரண்டரை. மறுநாள் முழுக்க சிணுங்கல்.

நான் சொல்வது, காலைப் பூசைக்குப் போங்கள். கிறிஸ்துமஸுக்கு நள்ளிரவு, விடியல், பகல் என்று தனித்தனித் திருப்பலிகளே இருக்கின்றன, எதில் கலந்துகொண்டாலும் கடன் தீர்ந்தது. பாட்டிமார் முறைத்தால் இதையே சொல்லுங்கள், எங்கள் வீட்டில் ஓரளவு எடுபட்டது. பின்வரிசையில், பக்கவாட்டு வாசல் ஓரமாக உட்காருங்கள். நாங்கள் 25 காலையும் போனோம், முத்தி செய்வதற்காக, அதாவது சொரூபத்துக்கு முத்தம் கொடுக்க. சாமியார் குழந்தை இயேசு சொரூபத்தை நீட்ட, ஒவ்வொருவரும் முத்தி செய்ய, கோவில்பிள்ளை ஒரு துணியால் துடைக்கிறார், எல்லாருக்கும் அதே துணி. இவன் வாய் படக்கூடாது, கையால் தொட்டு வைக்கலாம் என்று நான் திட்டமெல்லாம் போட்டு வைத்திருந்தேன். அப்போதுதான் கீழே இரண்டு பல் முளைத்திருந்தது. சொரூபத்தின் காலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து நறுக்கென்று கடித்துவிட்டான். சாமியாருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அம்மா இன்றுவரை இதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உடுப்பு விஷயத்தில் நான் தோற்றேன். வெள்ளை ரோமம் வைத்த சிவப்பு வெல்வெட் தாத்தா சட்டை, தொப்பியோடு, அத்தை ஆசையாக வாங்கியது. டிசம்பரென்றாலும் பாண்டியில் பகலில் வெயில் வெயில்தானே, ஒரு மணி நேரத்தில் கழுத்தெல்லாம் வேர்க்குரு. போட்டோவுக்குப் பத்து நிமிஷம், அப்புறம் பருத்திச் சட்டை என்று கறாராக இருங்கள். விடிகாலைப் பனிக்கு மட்டும் தொப்பி போதும். கொசுவுக்குக் குடை மாதிரி விரியும் வலையை மறக்காதீர்கள், மழைக்காலம் முடிகிற நேரம், பிய்த்துவிடும்.

சாப்பாட்டில் விட்டுக்கொடுக்கவே கூடாது. எங்கள் வீட்டில் விவிகம் செய்வார்கள், ரவை, வெண்ணெய், முட்டை, முந்திரி, ரம்மில் ஊறின திராட்சை எல்லாம் போட்ட பாண்டிச்சேரி கிறிஸ்துமஸ் கேக். சித்தி ஒரு துணுக்கைப் பிய்த்து அவன் வாய்வரை கொண்டு போய்விட்டார். "ரம்மெல்லாம் அடுப்புலயே போயிடும்மா" என்றார். முழுசாகப் போகாது. போனாலும் முந்திரித் துண்டு தொண்டையில் சிக்கும். இன்னொருவர் நாக்கில் தேன் தடவ வந்தார். ஒரு வயசு ஆகும் வரை தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்து பச்சைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும், வீட்டில் கொதிக்க வைப்பதால் அது சாகாது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சண்டை போட முடியாது என்பதால் அம்மாவிடம் அவனுக்கென்று உப்பு, சர்க்கரை இல்லாமல் கேழ்வரகுக் கூழ் கிண்டி வைக்கச் சொன்னேன். யாருக்கு ஊட்ட ஆசையோ அவர்கள் கையில் அந்தக் கிண்ணம். பிரச்சினை அதோடு தீர்ந்தது. கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுக்க வருகிறவர்களுக்கு அவன் அப்பாதான் காவல், வாசலில் சோப்பு வைத்து "கை கழுவிட்டுத்தான்" என்று நின்றுவிட்டார். ஒரு பெரியம்மாவுக்கு இன்னும் கோபம்.

நல்லபடியாகக் கழிந்தது 24 சாயந்திரம்தான். கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள், தள்ளுவண்டியில் வைத்து நிம்மதியாக உருட்டலாம். இருட்டி விளக்குகள் போட்டதும் அவன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே வந்தான். ஏழு மணிக்குள் திரும்பிவிடுங்கள், அதற்கு மேல் நடக்கவே இடம் இருக்காது.

25 மத்தியானம் ஓ.டி. போனோம், ஒரே ராத்திரிதான். 26 அங்கே சத்தமாகப் பாட்டுப் போட மாட்டார்கள். 2004 சுனாமியில் போனவர்களுக்காகக் காலையிலேயே கரையில் பால் ஊற்றிப் பூப்போடுகிற நாள் அது. மாமா போய்விட்டு வந்து, குளித்து, பேச்சில்லாமல் பேரனை வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் பதினொரு மணிக்குக் கிளம்புவதாக இருந்தது, சாயந்திரம்தான் கிளம்பினோம்.

குடில் பற்றி ஒன்று. குழந்தை தவழ ஆரம்பித்திருந்தால் வைக்கோல், சீரியல் லைட் ஒயர், எல்லாம் கைக்கு எட்டும். பாட்டுப் பாடும் பொம்மைகளில் இருக்கும் பட்டன் பேட்டரி ரொம்ப ஆபத்து, விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும், மூடியில் ஸ்க்ரூ இல்லாத பொம்மையை யார் கொடுத்தாலும் அலமாரி மேலே ஏற்றிவிடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது அவன் ஓடுகிறான், அதனால் இந்த வருஷம் குடில் ஃப்ரிட்ஜ் மேல். அம்மாவுக்கு அதில் பெரிய வருத்தம், பெத்லகேமில் ஸ்டெபிலைசர் தெரிகிறதாம்.