பழைய லேண்ட் ரோவருக்கு வேறு என்ஜின் போடலாமா?

கேள்வி: என்னிடம் 1976-ஆம் ஆண்டின் லேண்ட் ரோவர் சீரீஸ் 3 இருக்கிறது. 88 அங்குல வீல்பேஸ், 2.25 லிட்டர் பெட்ரோல் என்ஜின். மாதத்தில் ஓரிரு முறை மலைப்பாதைகளுக்கும் ஆற்றுப்படுகைகளுக்கும் போகிறேன். அங்கே போய்ச்சேர நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்ட வேண்டும். ஏற்றத்தில் வண்டி திணறுகிறது, பெட்ரோல் அதிகம் குடிக்கிறது, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது புகை வருகிறது. 200 டிடிஐ டர்போ டீசல் என்ஜின் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. வாங்கி மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்பதே என் பதில். நீங்கள் சொல்லியிருக்கும் மூன்று குறைகளும் தேய்மானத்தாலும் டியூனிங் தவறியதாலும் வருபவை. உங்கள் என்ஜின் அது பிறந்தபோது இருந்த வலுவோடு இருக்கிறதா என்று தெரியாமல், அந்த வலு உங்களுக்குப் போதாது என்று முடிவுகட்ட முடியாது. நல்ல நிலையில் உள்ள 2.25 லிட்டர் என்ஜின் சுமார் 70 குதிரைசக்தியும், 2,000 ஆர்பிஎம்முக்குள்ளாகவே 160 நியூட்டன் மீட்டருக்குச் சற்று மேல் டார்க்கும், அதாவது சுழற்றும் வலுவும், தரும். முதல் கியர் 3.68, டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் (கியர்பாக்ஸுக்கு அடுத்துள்ள இரண்டாம் கியர் பெட்டியின்) லோ ரேஞ்ச், அதாவது மெதுவாக ஊர்வதற்கான விகிதம் 2.35, ஆக்ஸில் 4.7 ஆகிய மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 40 மடங்கு வருகிறது. உராய்வைக் கழிக்காமல் பார்த்தால் ஆக்ஸில்களுக்குப் போவது 6,500 நியூட்டன் மீட்டருக்கு மேல். மண்பாதையில் இதற்கு மேல் கொடுத்தாலும் பெரும்பாலும் சக்கரம் வழுக்கிச் சுழலத்தான் செய்யும். வண்டி அதிகம் ஏறாது.

முதலில் புகையைப் பாருங்கள். நிறம் முக்கியம். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் நீலப்புகை வந்து சிறிது நேரத்தில் நின்றுவிட்டால், இரவில் வால்வு கைடு வழியாக எண்ணெய் இறங்கியிருக்கிறது என்று பொருள். நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்திருந்துவிட்டு மறுபடி அழுத்தும்போது நீலம் வந்தாலும் அதே காரணம்தான். சுமையோடு ஏற்றத்தில் அழுத்தும் நேரமெல்லாம் நீலமாக வந்தால் பிஸ்டன் ரிங் மீது சந்தேகம் திரும்ப வேண்டும். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. வெள்ளைப் புகை என்ஜின் சூடான பிறகும் நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டை, அதாவது என்ஜின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் இடையிலான அடைப்புத் தகட்டைப் பார்க்க வேண்டும்.

அடுத்து கம்ப்ரஷன் சோதனை, அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளப்பது. என்ஜினை நன்றாகச் சூடாக்கி, நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, இக்னிஷன் இணைப்பைத் துண்டித்து, த்ராட்டிலை முழுவதும் திறந்து வைத்து, முழு சார்ஜ் உள்ள பேட்டரியோடு ஒவ்வொரு சிலிண்டரையும் அளக்க வேண்டும். த்ராட்டிலைத் திறக்க மறந்து அளந்துவிட்டு, என்ஜின் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லும் பட்டறைகள் உண்டு. அருகில் நின்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். ஆயில் விட்டதும் அழுத்தம் நன்றாக உயர்ந்தால் தேய்ந்தது ரிங்கோ சிலிண்டர் சுவரோதான். உயராமல் அப்படியே நின்றால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் அழுத்தம் விழுந்திருந்தால் அவற்றுக்கு இடையே கேஸ்கெட் போயிருக்கிறது. நான்கு அளவுகளும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருந்தால் உங்கள் என்ஜினின் அடிப்பகுதியை (பிஸ்டன்களும் கிராங்க்கும் உள்ள பகுதியை) பிரிக்கவே தேவையில்லாமல் போகலாம்.

வால்வு என்றதும் இன்னொன்று. ஈயம் கலந்த பெட்ரோல் உலகில் எங்குமே இப்போது பம்புகளில் விற்கப்படுவதில்லை; கடைசி நாடான அல்ஜீரியாவும் 2021-இல் நிறுத்திவிட்டது. பழைய என்ஜின்கள் பலவற்றில் அந்த ஈயம்தான் எக்ஸாஸ்ட் வால்வு அமரும் இடத்தைத் தேயாமல் காத்தது. அது இல்லாதபோது வால்வு மெல்ல மெல்ல ஹெட்டுக்குள் புதைந்து, இடைவெளி குறைந்து, ஒருநாள் வால்வு முழுவதும் மூடாத நிலை வந்துவிடும். உங்கள் என்ஜினில் வால்வு இடைவெளி 0.25 மி.மீ. சரிசெய்த சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே அது மீண்டும் மீண்டும் குறைகிறது என்றால் ஹெட்டைக் கழற்றி, கடினமான வால்வு சீட் போட்டுவிடுங்கள். திணறும் என்ஜின் பல நேரங்களில் இந்த ஒரு வேலையிலேயே உயிர்பெற்றுவிடுகிறது.

பெட்ரோல் குடிப்பதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது கார்புரேட்டரை. உங்கள் வண்டியில் இருப்பது பெரும்பாலும் ஜெனித் 36 ஐவி. அதன் மேல்பாகம், சூட்டினாலும் திருகுகளை மிகையாக இறுக்குவதாலும் வளைந்துவிடும். உள்ளே உள்ள சிறு ரப்பர் வளையமும் சேர்ந்து கெட்டால், ஜெட்டைத் தாண்டிப் பெட்ரோல் கசிந்துகொண்டே இருக்கும். கண்ணாடிப் பலகையில் எமரித் தாளை ஒட்டி அந்த முகப்பைச் சமமாகத் தேய்த்து, புதிய வளையம் போட்டாலே போதும். டிஸ்ட்ரிபியூட்டரில் ஷாஃப்ட் ஆட்டம் கண்டிருக்கிறதா, வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்தள்ளும் எடைகள் துருப்பிடித்துச் சிக்கியிருக்கின்றனவா, வேக்குவம் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சிறிது தூரம் ஓட்டிவிட்டு நான்கு சக்கர டிரம்களையும் கையருகே கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்தபடியே ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். டயரின் அளவையும் நீங்கள் சொல்லவில்லை. 88 அங்குல வண்டிக்கு 6.00-16 டயர்தான் சாதாரணமாக வந்தது. அதற்குப் பதில் 7.50-16 போட்டிருந்தால் விட்டம் பத்து சதவீதத்துக்கு மேல் கூடிவிடுகிறது. கியர் அத்தனை நீளமாகி, சக்கரம் தள்ளும் வலு குறைந்துவிடுகிறது. ஏற்றத்தில் திணறுவதற்கு அதுவே பாதிக் காரணமாக இருக்கலாம்.

இவையெல்லாம் முடிந்த பிறகும் என்ஜின் தேறவில்லை, சிலிண்டரைத் துளைத்துப் பெரிதாக்கி, கிராங்க்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை) சாணை பிடித்தே ஆக வேண்டும் என்று வந்தால், அப்போது மாற்று என்ஜின் பற்றிய பேச்சு நியாயமாகிறது. ஏனென்றால் அந்தச் செலவு எப்படியும் வரப்போகிறது.

நீங்கள் கேட்ட 200 டிடிஐ நல்ல என்ஜின். 1989-இல் டிஸ்கவரியிலும் அடுத்த ஆண்டு டிஃபெண்டரிலும் வந்தது. 2,495 சி.சி., 107 முதல் 111 குதிரைசக்தி, 1,800 ஆர்பிஎம்மில் சுமார் 255 முதல் 265 நியூட்டன் மீட்டர் டார்க். 1958-இல் வந்த உங்கள் 2.25 லிட்டர் என்ஜினின் வாரிசுதான் அது. சிலிண்டர் விட்டம்கூட அதே 90.47 மி.மீ. அதனால் பழைய கியர்பாக்ஸோடு சேர்ப்பதற்கு மற்ற என்ஜின்கள் கேட்கும் அளவுக்கு வேலை கேட்காது. கம்ப்யூட்டர் கட்டுப்பாடு எதுவும் இல்லாத மெக்கானிக்கல் பம்ப் என்பது காட்டுப்பாதையில் பெரிய நிம்மதி. உயரமான மலைகளில் டர்போவின் அருமை தெரியும்: சாதாரண என்ஜின் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வலுவை இழந்துகொண்டே போகும், டர்போ அதில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். டிஃபெண்டரிலிருந்து எடுத்தது என்றால் பொருத்துவது எளிது. டிஸ்கவரி என்ஜினில் டர்போ தாழ்வாக இருப்பதால் சேஸியோடு இடம் இடிக்கும். மேனிஃபோல்டையோ எக்ஸாஸ்ட் குழாயையோ மாற்ற வேண்டி வரும். விற்பவரிடம் எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்று கேளுங்கள்.

ஆனால் அந்த 260 நியூட்டன் மீட்டரை மேலே சொன்ன 40 மடங்கோடு பெருக்கிப் பாருங்கள். 10,000-ஐத் தாண்டுகிறது. அதைத் தாங்கவேண்டியவை 70 குதிரைசக்திக்காகச் செய்யப்பட்ட கியர்பாக்ஸும், பத்து வரிப்பள்ளம் வெட்டிய பின்பக்க ஹாஃப் ஷாஃப்ட்டும், அதாவது ஆக்ஸிலுக்குள் சக்கரத்தைச் சுழற்றும் தண்டும். சீரீஸ் வண்டிகளின் 88 அங்குல மாடலில் அந்த ஹாஃப் ஷாஃப்ட் பழைய என்ஜினிலேயே உடைவது தெரிந்த கதை. தொடர்ந்து இழுக்கும்போது அது உடைவது குறைவு. காற்றில் சுழன்றுகொண்டிருந்த சக்கரம் திடீரென்று பாறையைப் பற்றும் நொடியில்தான் உடையும். நீங்கள் போகும் ஆற்றுப்படுகையில் நடப்பது அதுதான். ஆகவே டர்போ டீசல் போடுகிறவர் தரமான ஹாஃப் ஷாஃப்ட்டுக்கும், முடிந்தால் 109 அங்குல வண்டிகளில் வந்த, இன்னும் உறுதியான சாலிஸ்பரி பின் ஆக்ஸிலுக்கும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். டீசல் பம்பைத் திருகி இன்னும் கொஞ்சம் வலு எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

பிரேக் பற்றி நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். பழைய என்ஜினோடு வண்டி எட்டிய வேகத்துக்குத்தான் அந்த டிரம் பிரேக்குகள் அமைந்தவை. குறைந்தபட்சம் முன்சக்கரங்களுக்கு 109 அங்குல வண்டியின் 11 அங்குல டிரம்களையாவது மாற்றாமல் என்ஜினைத் தொடக் கூடாது. உங்கள் வண்டியில் பிரேக் சர்வோ (பெடல் அழுத்தத்துக்கு வலுசேர்க்கும் கருவி) இருந்தால் இன்னும் கவனம் தேவை. பெட்ரோல் என்ஜினின் இன்லெட் மேனிஃபோல்ட் தரும் வேக்குவத்தில் அது இயங்குகிறது. டீசலில் அந்த வேக்குவம் கிடையாது. என்ஜினோடு வேக்குவம் பம்ப் வருகிறதா, வேலை செய்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். இல்லையென்றால் முதல் இறக்கத்தில் பெடல் கல்லாக இருக்கும்.

மற்றவை சிறுசிறு வேலைகள். ஆனால் பணம் கரைவது அவற்றில்தான். இன்டர்கூலருக்கும் ஆயில் கூலருக்கும் ரேடியேட்டர் பகுதியில் இடம், டீசல் திரும்பிவரும் தனிக்குழாய், சுத்தம் செய்த டேங்க், பெரிய பேட்டரி, க்ளோ பிளக் வயரிங், என்ஜின் மவுண்ட், எக்ஸாஸ்ட். என்ஜின் விலையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தொடங்கிய வண்டிகள் பாதியில் பட்டறை மூலையில் நின்றுவிடுவது இதனால்தான். எரிபொருள் வகையும் என்ஜின் எண்ணும் மாறுவதால் பதிவு, புகைச் சோதனை, காப்பீடு மூன்றிலும் அனுமதி உண்டா என்பதை, பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

நெடுஞ்சாலையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். உங்கள் 4.7 ஆக்ஸிலோடு, ஹை ரேஞ்ச் நான்காவது கியரில் மொத்த விகிதம் 5.4. சாதாரண 6.00-16 டயரில் 80 கி.மீ. வேகத்துக்கு என்ஜின் 3,200 ஆர்பிஎம் சுற்ற வேண்டும். டர்போ டீசல் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. அந்தச் சுழற்சியில் இரண்டு மணி நேரம் டீசல் சத்தத்தோடு உட்கார்ந்திருப்பது பெரிய வேதனை. உங்கள் பயணத்தைச் சுகமாக்கப்போவது ஓவர்டிரைவ், அதாவது அதே வேகத்தில் என்ஜின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர். சீரீஸ் வண்டிக்கென்று வந்த ஃபேரி ஓவர்டிரைவ் அதே வேகத்தில் சுழற்சியை 2,500 அருகே கொண்டுவந்துவிடும். 3.54 விகித ஆக்ஸிலுக்கு மாறினால் 2,400 வரை இறங்கும். ஆனால் லோ ரேஞ்சில் ஊர்ந்து ஏறும் வலுவில் கால்வாசி போய்விடும். அதைப் பழைய பெட்ரோல் என்ஜினோடு செய்யவே கூடாது.

ஆகவே உங்கள் உபயோகத்துக்கு என் பரிந்துரை: இருக்கும் என்ஜினைச் சரிசெய்து, ஓவர்டிரைவ் ஒன்றைத் தேடிப் போடுங்கள். அடிப்பகுதி உண்மையாகவே போயிருந்தால், 1980 முதல் வந்த ஐந்து பேரிங் கிராங்க் உள்ள 2.25 அல்லது 1985-இல் வந்த 2.5 லிட்டர் பெட்ரோல் என்ஜின் கிடைக்கிறதா பாருங்கள். உங்களுடையது மூன்று பேரிங் வகை. அவை இரண்டும் அதைவிட உறுதியானவை. இரண்டாவது 80-க்குச் சற்று மேல் குதிரைசக்தியும் தரும். பிரேக்கையோ ஆக்ஸிலையோ பதிவையோ பெரிதாகக் குலைக்காது.

மாதத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டுகிறவராகவோ, டிரெய்லர் இழுப்பவராகவோ, உயர்ந்த மலைகளிலேயே இருப்பவராகவோ இருந்திருந்தால் டர்போ டீசலுக்கே கை காட்டியிருப்பேன். ஒருவேளை நீங்களும் அந்த முடிவுக்கு வந்தால், தரையில் கிடக்கும் என்ஜினை வாங்காதீர்கள். ஓடும் நிலையில் உள்ள முழு வண்டியாகப் பாருங்கள். குழாய்களும் பிராக்கெட்டுகளும் பம்பும் சேர்ந்தே கிடைக்கும். நீங்கள் போவதற்கு முன் சூடாக்கி வைக்காமல், குளிர்ந்த என்ஜினை உங்கள் கண்முன் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஆயில் மூடியைத் திறந்து காற்று எவ்வளவு வெளிவருகிறது என்றும், கூலன்ட்டில் எண்ணெய்ப்படலம் இருக்கிறதா என்றும் பாருங்கள். என்ஜினை வண்டியில் ஏற்றும் முன், வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட்டையும் டென்ஷனரையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். பழைய பெல்ட் எவ்வளவு ஓடியது என்று விற்பவர் சொல்வதை நம்பி விட்டுவைக்க வேண்டாம்.