பாச்சை உருண்டையை முதலில் எடுத்துவிடுங்கள்

கேள்வி: என் மகனுக்கு 40 நாள் ஆகிறது. பகலில் மாமியார் கிழித்துத் தந்த பழைய வேட்டித் துணி, இரவில் கடையில் வாங்கிய துணி நாப்பி. கிருமிநாசினி கலந்த தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் துவைக்கிறேன். காய்ந்ததும் பாச்சை உருண்டை போட்ட பீரோவில் அடுக்குகிறோம். அப்படியும் இடுப்பில் சிவந்து தடிக்கிறது. ஈரமானதும் நெடி தாங்கவில்லை. எங்கே தவறு, டாக்டர்?

பதில்: சிவப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இதைப் படித்ததும் பீரோவைத் திறந்து அந்த உருண்டைகளை எடுத்துவிடுங்கள். அது நாப்தலீன் என்ற ரசாயனம். அந்த மணம் துணியில் ஏறி, மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் குழந்தைக்குள் போகும். எண்ணெய் தடவிய தோலில் இன்னும் எளிதாக இறங்கும். சில குழந்தைகளுக்கு ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவு. பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு. வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. அவர்கள் உடம்பில் நாப்தலீன் சேர்ந்தால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, ரத்தசோகையும் மஞ்சள் காமாலையும் வரும். பச்சிளங்குழந்தைக்குக் காமாலை கடுமையானால் மூளையையே பாதிக்கும். உங்கள் மகனுக்குக் கண்ணோ தோலோ மஞ்சளாக இருந்தாலும், உடம்பு வெளுத்தாலும், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலும், பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலும் இன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். உருண்டை வைத்த பீரோவில் துணி இருந்தது என்பதை மறக்காமல் அங்கே சொல்லுங்கள்.

அந்தத் துணிகளை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு, உருண்டை படாத பருத்தித் துணியைக் கட்டுங்கள். பழைய வேட்டி அருமையான துணிதான், மாமியார் செய்ததில் தப்பில்லை. உருண்டைதான் தப்பு. அதற்குப் பதிலாகக் கற்பூரமும் வேண்டாம். குழந்தை தவழ ஆரம்பித்து வாயில் போட்டுவிட்டால் வலிப்பு வரும். கஞ்சி போடாமல், நன்றாகக் காய்ந்த துணியை மூடியுள்ள டப்பாவில் வைத்தாலே போதும்.

இனி நெடி. சிறுநீரில் உள்ள யூரியாவைக் கிருமிகள் சிதைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது, அந்த நெடிதான் இது. துவைத்த துணி ஈரமான உடனே நாறினால், நூலுக்குள் அழுக்கும் சோப்பும் தங்கியிருக்கிறது என்று அர்த்தம். உப்புத் தண்ணீர் வரும் போர்வெல் வீடுகளில் பார் சோப்பு சரியாகக் கரையாமல் துணியிலேயே படியும். சலவைத்தூளைக் குறைவாகப் போட்டு, நுரை அடங்கி வழவழப்பு போகும்வரை மூன்று நான்கு தண்ணீரில் அலசுங்கள். கிருமிநாசினியை நிறுத்திவிடுங்கள். அது துணியில் மிஞ்சி, ஏற்கெனவே புண்பட்ட தோலை எரிக்கும். வாசனைக்குப் போடும் கண்டிஷனரும் அப்படித்தான், போதாததற்குத் துணி ஈரம் உறிஞ்சுவதையும் கெடுக்கும். பிளீச்சிங் பவுடரைச் சிறுநீர்த் துணியில் கொட்டவே கூடாது, நச்சுவாயு கிளம்பும்.

மலம் பட்ட துணியை உடனே உதறி, குளிர்ந்த நீரில் அலசித் தனியாக வையுங்கள். ஊறப்போட்ட பக்கெட் வீட்டில் இருந்தால் மூடி அவசியம். சில அங்குலத் தண்ணீரிலும் தவழும் குழந்தை மூழ்கிவிடும். பருத்தித் துணியை அவ்வப்போது கொதிக்க வைக்கலாம். பிளாஸ்டிக் பூச்சுள்ள நாப்பி உறையைக் கொதிக்க வைத்தால் பூச்சு உரிந்துவிடும், அதன்மேல் ஒட்டியிருக்கும் குறிப்பைப் பார்த்துத் துவையுங்கள். வெயிலில் காயப்போடுங்கள், மலக்கறையும் வெளுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயாத துணியை இஸ்திரி போட்டு ஈரம் எடுத்த பிறகே மடித்து வையுங்கள்.

சிவந்த இடத்தைப் பொறுத்தவரை, துணி நனைந்ததும் மாற்றுங்கள். வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து ஈரம் ஒற்றி, கொஞ்ச நேரம் துணியில்லாமல் காற்றாட விடுங்கள். ஜிங்க் ஆக்சைடு களிம்பு தடவலாம், பவுடர் வேண்டாம். மூன்று நாளில் குறையாவிட்டாலோ, தொடை மடிப்புக்குள் அடர்சிவப்பாகி ஓரத்தில் சிறுசிறு புள்ளிகள் தெரிந்தாலோ அது பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு, குழந்தையை நேரில் காட்டித்தான் வாங்க வேண்டும். வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு களிம்பைத் தடவிவிடாதீர்கள்.