மண்ணில் விளையாட 1.80 லட்சம் எதற்கு?

கேள்வி: திருச்சியில் சொந்த வீடு. பின்பக்கம் 15க்கு 20 அடி மண்தரை, ஓரத்தில் ஒரு கொய்யா, ஒரு தென்னை. மகனுக்கு 7 வயது, மகளுக்கு 4. தரையில் கான்கிரீட் போட்டு, செயற்கைப் புல், ஃபைபர் சறுக்கு எல்லாம் அமைக்க ஒருவர் 1.80 லட்சம் கேட்கிறார். பிள்ளைகள் மண்ணிலேயே விளையாடட்டும் என்று எனக்கு ஆசை. பாம்பு, புழு, கொசு வரும் என்று மாமியார் பயப்படுகிறார். எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கு விட்ட இடமும் புதர் மண்டிக் கிடக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அந்த எஸ்டிமேட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்களிடம் மண் இருக்கிறது, ஏறுவதற்குக் கொய்யா மரம் இருக்கிறது. பெரிய செலவெல்லாம் அவர் விற்க வேண்டிய சரக்குக்குத்தான். சந்தேகம் இருந்தால் அவரிடம் செயற்கைப் புல்லில் ஒரு சாம்பிள் துண்டு வாங்கி, வெயில் நேரத்தில் ஒரு மணி நேரம் வெளியே போட்டுவிட்டு உள்ளங்கையை அழுத்திப் பாருங்கள். பக்கத்தில் மண்தரையையும் தொட்டுப் பாருங்கள். திருச்சி வெயிலுக்கு அந்தப் புல்லில் வெறுங்காலோடு நிற்க முடியாது. கீழே கான்கிரீட் போட்டுவிட்டால் மழைநீரும் இறங்காது. மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கிய மாநிலத்தில் இருந்துகொண்டு வீட்டைச் சுற்றிச் சிமெண்ட் பூசச் சொல்கிறார்கள். தட்டிக் கேட்க ஆள் இல்லை.

6க்கு 6 அடி மணல்குழி ஒன்று போதும். ஒன்றரை அடி தோண்டி, அரை அடிக்கு உடைந்த செங்கல் போட்டு, அதன்மேல் பழைய நிழல்வலையை விரித்து, ஒரு அடி மணல் நிரப்புங்கள். மொத்தம் 36 கன அடிதான். மணல் விற்பவர்கள் சொல்லும் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. முழு லோடு எடுத்தே தீர வேண்டும் என்று யாராவது சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

மணலில்தான் ஏமாற்று அதிகம். ஆற்று மணல் என்று சொல்லி எம்-சாண்டை இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். பாறையை உடைத்து அரைத்தது எம்-சாண்ட். மணிகள் கூராக இருக்கும், காய்ந்தால் மாவு போலப் பறந்து மூச்சில் போகும். வீடு கட்டச் சரி, குழந்தை உட்கார்ந்து அளைய ஆகாது. ஒரு கைப்பிடி எடுத்து வெயிலில் பாருங்கள். ஆற்று மணலில் வெள்ளை, பழுப்பு, கறுப்பு என்று மணிகள் கலந்து, முனை மழுங்கி இருக்கும். எம்-சாண்ட் ஒரே சாம்பல் நிறம். கண்ணாடி பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கினால் தூசியும் தெரிந்துவிடும். நல்ல மணல் கிடைக்கவில்லையா, விட்டுவிடுங்கள். செம்மண் மேடு ஒன்றும் ஒரு குடம் தண்ணீரும் இருந்தால் பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

குழியைத் தென்னைக்கு அடியில் வைக்காதீர்கள். மட்டை விழும், காய் விழும்.

மாமியாரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. பூனை மணலைக் கண்டால் கழிப்பிடம் ஆக்கிவிடும். இரவில் தார்ப்பாய் போட்டு மூடிவிடுங்கள். கொக்கிப்புழு மண்ணிலிருந்து வெறுங்கால் வழியாக ஏறும். நாய் பூனை நடமாடும் தரையென்றால் செருப்புப் போடச் சொல்லுங்கள். விளையாடி முடித்ததும் கைகால் கழுவ வேண்டும். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் தரும் குடற்புழு மாத்திரையை விட்டுவிடாதீர்கள். பாம்பு வருவது எலிக்காக. செங்கல் குவியல், விறகு, மட்கிய ஓலை இவற்றை அப்புறப்படுத்திவிடுங்கள். இருட்டிய பிறகு அங்கே விளையாட்டு வேண்டாம். கொசுவுக்குப் பழைய டயர்தான் சொர்க்கம். ஊஞ்சலுக்கு டயர் வேண்டுமென்றால் அடியில் துளை போடுங்கள்.

எனக்கு உண்மையில் பயம் தண்ணீர்தான். நாலு விரற்கடை தண்ணீரில் 4 வயதுக் குழந்தை மூழ்கிவிடும். டப்பில் விளையாடி முடித்த உடனே கவிழ்த்து வையுங்கள். சம்ப் இருந்தால் மூடிக்கு இன்றைக்கே பூட்டுப் போடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

செடி விஷயத்தில் நர்சரிக்காரரை நம்பாதீர்கள். ‘ஆடு மாடு வாய் வைக்காது’ என்று பெருமையாகச் சொல்லி அரளியைக் கொடுப்பார்கள். ஆடு ஏன் வாய் வைக்கவில்லை என்று யோசித்தாலே போதும். அரளியும் மஞ்சள் அரளியும் இதயத்தைத் தாக்கும் விஷம். ஆமணக்கு, குன்றிமணி, ஊமத்தை எதுவும் அந்தப் பக்கம் வேண்டாம். தரைக்கு அருகம்புல் போதும், மிதிபட்டாலும் மீண்டும் தழைக்கும். கிளை முறியும் முருங்கையில் ஏற விடாதீர்கள். கொய்யாவில் ஏறலாம்.

பலகை வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். லாரி ஷெட்டில் மலிவாகக் கிடைக்கும் பழைய பேலட் (சரக்கை அடுக்கி ஏற்றும் மரத்தட்டு) பலகையில், மண்ணைக் குழைத்துச் சமையல் விளையாட ஒரு மண் சமையலறை, மேடை எல்லாம் செய்யலாம். ஆனால் எல்லாப் பலகையும் ஆகாது. ஏற்றுமதி, இறக்குமதிக்குப் போய்வந்ததில் கோதுமைக் கதிர் போன்ற சின்னத்தோடு ஒரு முத்திரை இருக்கும். அதில் ‘ஹெச்டி’ (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுக்கலாம். ‘எம்பி’ (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, வேண்டாம். உள்ளூர்ப் பேலட்டில் முத்திரையே இருக்காது. அதில் என்ன ஏற்றினார்கள் என்று கேளுங்கள். முகர்ந்து பாருங்கள். எண்ணெய்க் கறையோ மருந்து வாடையோ இருந்தால் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். முத்திரை உள்ள பகுதியை அறுத்து எறிந்துவிட்டு விற்பவர்களும் உண்டு. வெட்டு புதிதாக இருந்தால் எச்சரிக்கை.

பூங்கா விஷயத்தைச் சும்மா விடாதீர்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை போக 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். வாய்மொழியாகக் கேட்டால் இந்த மேஜை, அந்த மேஜை என்று அலைய விடுவார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு அந்தப் பத்திரத்தின் நகலையும் மனைப்பிரிவு வரைபடத்தையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். இடம் உள்ளாட்சியின் பெயரில் இருப்பது தெரிந்தால், தெருக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, புதரை வெட்டி மண்தரையாகவே விடும்படி மனு கொடுங்கள். பேவர் பிளாக் வேண்டாம் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.