சிஎன்சி மேசையும் கார்த்திகை மழையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, வீட்டில் ஒரு 3018 சிஎன்சி (கம்ப்யூட்டர் சொல்லும்படி மரம் வெட்டும் சின்ன மெஷின்) வைத்துப் பெயர்ப்பலகை வெட்டிக் கொடுக்கிறேன். அதன் அலுமினிய மேசைமேல் 18 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அமுக்கிச் செய்த) பலகை பூட்டி, மரத்தை அதிலேயே ஸ்குரூ அடித்து வேலை செய்தேன். ஆவணியில் நன்றாகத்தான் இருந்தது. கார்த்திகை மழைக்குப் பிறகு இடது பக்கத்து எழுத்து ஆழமாகவும் வலது பக்கத்து எழுத்து வெறும் கீறலாகவும் விழுகிறது. தேக்கிலோ மெரின் பிளைவூட்டிலோ புது மேசை செய்தால் நிலைக்குமா? மரத்தை அமுக்கிப் பிடிக்கவும் ஒரு வழி சொல்லுங்கள். (வாசகர், உப்புவெளி)

பதில்: தேக்கு வேண்டாம், தம்பி. எந்த மரமும் ஈரத்துக்கு அகலவாக்கில் விரியும், வெயிலுக்குச் சுருங்கும், தேக்கு கொஞ்சம் குறைவாகச் செய்யும், அவ்வளவுதான். மெரின் பிளைவூட் தண்ணீருக்குத் தாங்கும், ஆனால் அதன் முகம் நமக்கு வேண்டிய அளவுக்கு மட்டமாக வருவதில்லை. இந்த மேசை மீன் வெட்டும் கட்டை மாதிரி, வெட்டுப்பட்டுத் தேய்வதற்காகவே இருப்பது. அதனால் எம்.டி.எஃப்.ஐயே வைத்துக்கொள்ளுங்கள், செய்யும் முறையை மட்டும் மாற்றுங்கள்.

உங்களுக்கு நடந்தது எனக்கும் நடந்தது. கச்சான் காற்று வீசும் உலர்ந்த காலத்தில் பூட்டிய பலகை, மேல் முகத்துக்கு மட்டும் வார்னிஷ் அடித்திருந்தேன். மார்கழியில் ஒருநாள் இரும்பு அடிமட்டத்தை விளிம்பில் நிறுத்தி வைத்துப் பார்த்தால், இரண்டு கரையிலும் தொடுகிறது, நடுவில் ஒரு தாள் தடங்கலில்லாமல் உள்ளே போகிறது. அடிப்பக்கம் ஈரத்தைக் குடித்து விரிய, மேல்பக்கம் அப்படியே நிற்க, பலகை வளைந்துவிட்டது. 60 பாகை வி பிட்டால் (வி வடிவக் கூர்முனை வெட்டும் அலகு) எழுத்து வெட்டும்போது மேசை அரை மி.மீ. ஏறி இறங்கினாலே கோட்டின் அகலம் கிட்டத்தட்ட 0.6 மி.மீ. மாறும், சின்ன எழுத்துக்கு அது போதும் கெடுக்க.

சரி, மேசையை இரண்டு அடுக்காகச் செய்யுங்கள். கீழே 12 மி.மீ., அது நிரந்தரம். மேலே 9 மி.மீ., அது கழற்றி மாற்றுவதற்கு. இதற்குமேல் தடிப்பு வேண்டாம், ஏனென்றால் 3018இல் பிட் ஏறி இறங்கும் தூரமே சுமார் 45 மி.மீ.தான்.

மரத்தை அமுக்கும் கிளாம்புகளின் போல்ட்டைப் பூட்ட, கீழ்ப்பலகையில் எம்6 டீ-நட்டுகள் (6 மி.மீ. போல்ட்டுக்கு, பலகைக்குள் பதிக்கும் நட்டு). 300க்கு 180 மேசையில் 50 மி.மீ. இடைவெளி விட்டால் நீளத்தில் 6, அகலத்தில் 4, மொத்தம் 24 வரும். அடையாளத் துளையை 3 மி.மீ. பிட்டால் மெஷினையே போட விடுங்கள், வரிசை பிசகாது. பிறகு பலகையைக் கழற்றிக் கவிழ்த்து, நட்டின் தட்டையான தலை உள்ளே அமர முதலில் அகலக் குழி, அதன் பிறகுதான் 8 மி.மீ. துளை. முறை மாறினால் குழி வெட்டும் பிட்டின் நடு முனைக்குப் பிடிக்க மரம் இருக்காது, அலைந்துவிடும். தலை துளிகூட வெளியே நிற்கக்கூடாது, நின்றால் பலகை அலுமினியத்தில் படியாது. போல்ட்டின் நீளத்தையும் அளந்து வாங்குங்கள். நீளம் கூடினால் அதன் நுனி கீழே அலுமினியத்தில் முட்டி, இறுக்க இறுக்கப் பலகையையே தூக்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது.

மேல்பலகையிலும் அதே இடங்களில் துளை போட்டு, நான்கு மூலையிலும் நைலோன் போல்ட்டால் பிடியுங்கள், தலை நன்றாக உள்ளே இறங்கட்டும். தவறிப் பிட் பட்டாலும் பிட் உடையாது. பூட்டுவதற்கு முன்பே இரண்டு பலகைக்கும் இரண்டு முகம், நான்கு ஓரம், துளைகளின் உள்பக்கம் எல்லாவற்றுக்கும் சீலர் (ஈரம் புகாமல் தடுக்கும் பூச்சு) அடியுங்கள். ஓரங்களுக்கு இரண்டு தரம், ஈரத்தை அதிகம் குடிப்பது அவைதான்.

கடைசியாக மட்டப்படுத்தல். 6 மி.மீ. தட்டை பிட், ஆழம் 0.3 மி.மீ., கோட்டுக்குக் கோடு 3 மி.மீ. தள்ளிப் போனால் 60 கோடு. நிமிடத்துக்கு 600 மி.மீ. வேகத்தில் அரை மணித்தியாலம். பெரிய பிட் போட்டு அவசரப்படாதீர்கள், அந்தச் சின்ன மோட்டர் திணறும். முகக்கவசம் கட்டாயம், எம்.டி.எஃப். தூள் நெஞ்சுக்குக் கூடாது. மட்டப்படுத்திய முகத்துக்குத் திரும்ப மெல்லிசாக ஒரு பூச்சு. வாடை தொடங்கி மழை பிடித்ததும் ஒரு தரம், கச்சான் வந்ததும் ஒரு தரம், வருடத்துக்கு இரண்டு முறை இதைச் செய்தால் திருகோணமலையில் பிழைக்கலாம். உப்புவெளி கடற்கரைக்குப் பக்கம் என்பதால் நட்டின் புரிகளில் கொஞ்சம் கிரீஸும் தடவுங்கள், இல்லையென்றால் ஒரு மாரியிலேயே துருப்பிடித்து இறுகிவிடும்.

கேள்வி: அமுக்கும் கிளாம்பை எவ்வளவு இறுக்கினாலும் மரம் நகர்கிறது. ஏன்? (வாசகர், நிலாவெளி)

பதில்: பெரும்பாலும் போல்ட் நிற்கும் இடம்தான் பிழை. கிளாம்பின் ஒரு முனை மரத்தில், மறுமுனை பின்னால் வைத்த முட்டுக்கட்டையில். போல்ட் சரிநடுவில் நின்றால் இறுக்குவதில் பாதிதான் மரத்துக்குப் போகும். மரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வைத்தால் மூன்றில் இரண்டு பங்கு போகும். முட்டுக்கட்டை மரத்தைவிட ஒரு நூல் உயரமாகவே இருக்கட்டும். தாழ்ந்தால் கிளாம்ப் சரிந்து, மரத்தின் விளிம்பை மட்டும் நசுக்கி, மரத்தைத் தள்ளிவிடும். கிளாம்பைப் பலகைத் துண்டிலேயே வெட்டிக்கொள்ளலாம். வேலை தொடங்குமுன் பிட்டை மேலே தூக்கி வைத்து, வெட்டப்போகும் எல்லையை ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். போல்ட் தலையில் பிட் மோதும் அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் இதை மறப்பதில்லை.

கேள்வி: 3 மி.மீ. அக்ரிலிக்கை எப்படிப் பிடிப்பது? (வாசகர், சீனக்குடா)

பதில்: கிளாம்ப் போட்டால் நடுவில் எழும்பும். மேசையிலும் அக்ரிலிக்கின் அடியிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, இரண்டு டேப்புக்கும் நடுவில் சுப்பர் குளூ விட்டு ஒரு நிமிடம் அமுக்குங்கள். வெட்டி முடிந்ததும் டேப்போடு உரித்துவிடலாம்.