செஞ்சிக் கோட்டையில ராஜகிரி தவிர வேற என்ன பாக்கலாம்?

நிறைய இருக்குங்க, ஆனா முக்காவாசி பேரு ராஜகிரி மலை ஏறி போட்டோ எடுத்துட்டு பஸ் புடிச்சிடுறாங்க, அது எனக்கு ரொம்ப வருத்தம். கீழ வெங்கட்ரமணர் கோயில கண்டிப்பா பாருங்க, செஞ்சியிலேயே பெரிய கோயில் அதான், நாயக்கர் காலத்துது, கோபுர வாசல்ல ராமாயணக் காட்சி, பாற்கடல் கடையறதுன்னு அவ்வளவு சிற்பம். உள்ள தூண் கம்மியா இருக்கேன்னு தோணும், பிரெஞ்சுக்காரங்க பாண்டிச்சேரிக்கு தூக்கிட்டுப் போயிட்டாங்க, இன்னைக்கு பீச்ல காந்தி சிலையச் சுத்தி நிக்குறது அந்தத் தூண்கள்தான். அப்புறம் எதிர்ல கோட்டையோட இன்னொரு மலை கிருஷ்ணகிரி, மேல ரெங்கநாதர் கோயில், தானியக் களஞ்சியம், குவிமாடம் வச்ச தர்பார் மண்டபம் எல்லாம் இருக்கு. 2025-ல கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல வந்தாச்சு, இனியாவது இந்தக் கோயில்களையும் நல்லா பராமரிக்கணும். காலைலயே ஏறிடுங்க, தண்ணி எடுத்துக்கோங்க, பாறை சீக்கிரம் சூடாயிடும்.